எடைப்பாலச் செயலி: ஒரே ஜாரா, தளத்துக்கொரு பொதியா? நேட்டிவ் கோப்புகளை எப்படிக் கட்டுவது?

சிப்புட்_கணினி

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்கான எடைப்பாலச் செயலி பற்றிய கேள்வி இது. செம்பனைக் குலை லோரி பாலத்தில் ஏறியதும் மொத்த எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் எடை, பிறகு டிக்கெட் அச்சு. வேலை இவ்வளவுதான். திரை ஜாவாஎஃப்எக்ஸ் 17, தரவுத்தளம் எஸ்கியூலைட், இண்டிகேட்டரிலிருந்து (பாலத்தின் எடையைக் காட்டும் கருவி) எடையை வாசிக்க ஜேசீரியல்காம். மேவன் ஷேட் பிளக்இன் வைத்து எல்லாவற்றையும் ஒரே ஜாராக (ஜாவா நிரலை அடைக்கும் தொகுப்புக் கோப்பு) கட்டுகிறோம்.

ஓட வேண்டிய இயந்திரங்கள் நான்கு வகை. கிராணி (எழுத்தர்) மேசையில் 64-பிட் விண்டோஸ். பாலத்துக் கூண்டில் ராஸ்பெரி பை 4. உர ஸ்டோரில் பழைய விண்டோஸ் மடிக்கணினி. மேனேஜரிடம் எம்1 மேக்.

ஜாரை விண்டோஸில் கட்டினால் கிராணி மேசையில் ஓடுகிறது. பையிலும் மேக்கிலும் 'நோ டூல்கிட் ஃபவுண்ட்'. ஸ்டோர் கணினியில் 'கேன்ட் லோட் ஏஎம்டி 64-பிட் டிஎல்எல் ஆன் எ ஐஏ 32-பிட் பிளாட்ஃபார்ம்'. இது போதாதென்று, இண்டிகேட்டர் விற்றவர்கள் கொடுத்த டிஎல்எல் 32-பிட் மட்டும்தான். கிராணி மேசையில் அது ஏறுவதே இல்லை. எங்கிருந்து பிரித்துப் பார்ப்பது?

பால்மரக்காடு

தம்பி, உங்கள் செயலியில் நேட்டிவ் கோப்புகள் (டிஎல்எல் போல அந்தந்த இயங்குதளத்துக்கும் சிபியூவுக்கும் என்றே கட்டியவை) இரண்டு விதமாக வந்து சேர்கின்றன. அதை முதலில் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் விதம் ஜாவாஎஃப்எக்ஸ். 2018இல் ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) 11 வந்தபோது அது ஜேடிகேயிலிருந்து வெளியே போய்விட்டது. இப்போது மேவனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஜாராக, கிளாசிஃபையர் (தளத்தைக் குறிக்கும் பெயர் வால்) ஒட்டி வருகிறது: வின், லினக்ஸ், லினக்ஸ்-ஏஆர்ச்64, மேக், மேக்-ஏஆர்ச்64 (ஏஆர்ச்64 என்றால் 64-பிட் ஆர்ம் சிபியூ). கிளாசிஃபையரை நீங்கள் எழுதாவிட்டால், ஜாவாஎஃப்எக்ஸின் தாய் பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பு) உள்ள புரொஃபைல் அதைத் தானாக முடிவுசெய்யும். அந்தப் புரொஃபைல் பார்ப்பது கட்டும் இயந்திரத்தின் இயங்குதளத்தை. ஜார் எங்கே ஓடப்போகிறது என்று அதற்குத் தெரியாது. விண்டோஸில் கட்டினீர்கள், வின் ஜார் மட்டும் உள்ளே வந்தது, பையிலும் மேக்கிலும் திரை வரவில்லை.

இரண்டாம் விதம் எஸ்கியூலைட்-ஜேடிபிசியும் ஜேசீரியல்காமும். இவை எல்லாத் தளங்களின் கோப்புகளையும் ஒரே ஜாருக்குள் கோப்புறை கோப்புறையாக அடைத்து வைத்திருக்கின்றன. ஓடும்போது தன் தளத்துக்கானதை எடுத்துத் தற்காலிகக் கோப்புறையில் எழுதி, அங்கிருந்து ஏற்றும். கட்டும்போது தொல்லையே இருக்காது. தொல்லையெல்லாம் ஓடும் இடத்தில்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்று. 'ஓஎஸ்.ஆர்ச்' என்ற பண்பு சொல்வது ஜேவிஎம்மின் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) வகையை, சிபியூவின் வகையை இல்லை. 64-பிட் விண்டோஸில் 32-பிட் ஜாவா போட்டிருந்தால் 'எக்ஸ்86' என்றே வரும். எம்1 மேக்கில் இன்டெல் ஜாவா ரொசெட்டா (இன்டெல் நிரலை எம்1இல் ஓட்டும் மாற்றி) வழியாக ஓடினால் 'எக்ஸ்86_64' என்று வரும். அதே 64-பிட் இன்டெல் வகையை விண்டோஸும் லினக்ஸும் 'ஏஎம்டி64' என்கின்றன, மேக் 'எக்ஸ்86_64' என்கிறது. நீங்களே கோப்புறைப் பெயரைக் கட்டி ஏற்றும் நிரல் எழுதினால் இந்த இரண்டு பெயரையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

ஸ்டோர் கணினியில் 'ஜாவா -எக்ஸ்ஷோசெட்டிங்ஸ்:புராப்பர்ட்டீஸ் -வெர்ஷன்' ஓட்டுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் திறந்து 'சிஸ்டம் டைப்' பாருங்கள். விண்டோஸே 32-பிட்டா, ஜாவா மட்டும் 32-பிட்டா என்பது இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும். தீர்வு அதைப் பொறுத்து மாறும்.

தோட்டத்து_நிரலர்

இதற்குத் தளத்துக்கொரு பொதி தேவையில்லை என்பது என் கருத்து. ஜாவாஎஃப்எக்ஸ்-கிராஃபிக்ஸை வின், லினக்ஸ், மேக் என்று மூன்று கிளாசிஃபையரோடும் பாமில் எழுதிவிடுங்கள். டிஎல்எல், எஸ்ஓ, டைலிப் என்று கோப்பின் வால் வேறு வேறாக இருப்பதால் ஒரே ஜாருக்குள் மோதாமல் இருக்கும். எஸ்டேட்டில் இணையம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. பெண்ட்ரைவில் ஒரே கோப்பைக் கொண்டுபோய் எல்லா இயந்திரத்திலும் போடுவது பெரிய வசதி.

மறக்கக்கூடாதது ஒன்று: மெயின் வகுப்பு 'அப்ளிகேஷன்' வகுப்பின் வாரிசாக இருக்கக்கூடாது. அப்படி இருந்தால், ஜாவாஎஃப்எக்ஸ் மாட்யூல் பாதையில் இல்லாதபோது 'ஜாவாஎஃப்எக்ஸ் ரன்டைம் காம்போனன்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்' என்று சொல்லிக் கிளம்பவே மறுக்கும். வெறும் 'லாஞ்சர்' வகுப்பு ஒன்று வைத்து, அதிலிருந்து உண்மையான செயலியின் மெயினை அழைக்க வேண்டும்.

கிந்தா_ஜாவா

நிரலர் சொல்வது ஒரு எல்லை வரை சரி. ஒரு இயங்குதளத்துக்கு ஒரே சிபியூ வகை என்றால் அது வேலை செய்யும். இன்டெல் மேக்கும் எம்1 மேக்கும் இரண்டும் வேண்டும் என்றவுடன் உடைந்துவிடும். இரண்டு ஜாரிலும் உள்ள கோப்பின் பெயர் ஒன்றே, 'லிப்கிளாஸ்.டைலிப்'. இருக்கும் இடமும் ஒன்றே, ஜாரின் வேர். ஷேட் இரண்டையும் கலக்கும்போது ஒன்றுதான் மிஞ்சும். 'ஓவர்லாப்பிங் ரிசோர்சஸ்' என்று ஒரு எச்சரிக்கை ஓடும். நூறு வரிகளுக்கு நடுவில் அதை யாரும் படிப்பதில்லை. லினக்ஸும் லினக்ஸ்-ஏஆர்ச்64உம் இதே மாதிரி மோதும். பையிலும் ஓட வேண்டும், அலுவலகத்தில் யாரோ உபுண்டு வைத்திருக்கிறார் என்றால் ஒரே ஜார் முடியாது.

ஷேட் பற்றி மேலும் மூன்று:

ரீலொக்கேஷன். நேட்டிவ் உள்ள நூலகத்தின் பொதிப் பெயரை மாற்றவே கூடாது. ஜேஎன்ஐ (ஜாவாவை நேட்டிவ் நிரலோடு இணைக்கும் முறை) செயற்கூறின் பெயரில் ஜாவா பொதியின் பெயரும் வகுப்பின் பெயரும் பொதிந்திருக்கின்றன. 'ஓஆர்ஜி.எஸ்கியூலைட்' என்பதை உங்கள் பொதிக்குள் நகர்த்தினால் டிஎல்எல் ஒழுங்காக ஏறும், முதல் அழைப்பில் 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' வரும். கோப்பு இருக்கிறதே, ஏன் இந்தப் பிழை என்று தேடித் தேடி நேரம் போகும்.

சர்வீசஸ். 'மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ்' கோப்புகளை இணைக்க 'சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்' போடுங்கள். ஜேடிபிசி டிரைவர் அறிமுகமாவது அந்தக் கோப்பு வழியாகத்தான். வேறொரு டிரைவரும் ஜாருக்குள் இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும்.

கையொப்பம். கையொப்பமிட்ட ஜார் ஏதாவது உள்ளே கலந்தால் அதன் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ கோப்புகளை விலக்க வேண்டும். இல்லையென்றால் 'இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல் டைஜஸ்ட்' வரும்.

தோட்டத்து_நிரலர்

அக்கா, ஏஆர்ச்64 மோதல் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவருடைய பட்டியலில் வின் 64, லினக்ஸ்-ஏஆர்ச்64, மேக்-ஏஆர்ச்64 என்று ஒவ்வொன்றும் ஒரே வகைதானே? ஸ்டோர் கணினி மட்டும்தான் இடிக்கிறது.

கிந்தா_ஜாவா

இன்றைக்கு அப்படி. கூண்டில் உள்ள பை பழுதாகி, அதற்குப் பதில் இன்டெல் மினி கணினி வைத்து லினக்ஸ் போட்டால் அன்றைக்கே ஜாரைத் திரும்பக் கட்ட வேண்டும். அதோடு ஒவ்வோர் இயந்திரத்திலும் எந்த ஜாவா போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஸ்டோர் கணினிப் பிழையின் வேரும் அதுதான். ரன்டைமையும் (செயலி ஓடத் தேவையான ஜாவா) சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது. பெண்ட்ரைவ் வசதியும் போய்விடாது, ஒரு கோப்புக்குப் பதில் மூன்று கோப்பு, அவ்வளவே.

பால்மரக்காடு

ஓடும்போது பிரித்தெடுப்பது பற்றிச் சொல்கிறேன் என்றேன். களத்தில் இடிப்பவை இவை.

விண்டோஸில் டெம்ப் கோப்புறைக்குள் புதிதாக ஒரு டிஎல்எல் எழுதி, அடுத்த நொடி அதை ஏற்றுவது வைரஸ் தடுப்பிகளுக்குச் சந்தேகமாகத் தெரியும். சில அதைத் தனிமைப்படுத்தும். நிறுவன விதிகளில் டெம்ப்பிலிருந்து எதையும் இயக்கக்கூடாது என்று பூட்டியும் வைத்திருப்பார்கள். பயனருக்குத் தெரிவது 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' மட்டும்.

விண்டோஸில் ஏற்றிய டிஎல்எல்லை ஜேவிஎம் பிடித்திருக்கும்வரை அழிக்க முடியாது. அதனால் 'டெலீட் ஆன் எக்ஸிட்' அங்கே பலிக்காது. எஸ்கியூலைட்-ஜேடிபிசி பக்கத்தில் ஒரு 'எல்சிகே' கோப்பு வைத்து, அடுத்த முறை கிளம்பும்போது பழையதைத் துடைக்கிறது. எல்லா நூலகமும் இப்படிச் செய்வதில்லை. மின்சாரம் அடிக்கடி போகும் கூண்டில், மாதக்கணக்கில் குப்பை சேர்ந்துகொண்டே போகும்.

லினக்ஸில் '/டெம்ப்' கோப்புறை 'நோஎக்செக்' (இங்கிருந்து எதையும் இயக்கக்கூடாது) என்று ஏற்றப்பட்டிருந்தால் 'ஃபெயில்டு டு மேப் செக்மென்ட் ஃப்ரம் ஷேர்டு ஆப்ஜெக்ட்' வரும். கோப்பு அங்கே இருக்கும், அனுமதி சரியாக இருக்கும், ஆனாலும் ஏறாது. 'மவுண்ட்' கட்டளையின் வெளியீட்டில் '/டெம்ப்' வரியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஜாவாஎஃப்எக்ஸ் டெம்ப்பில் எழுதாது. பயனரின் வீட்டுக் கோப்புறையில் '.ஓபன்ஜேஎஃப்எக்ஸ்/கேஷ்' என்று ஒரு இடம் வைத்துக்கொள்ளும். பாதி எழுதியபடி மின்சாரம் போனால் அங்கே அரைகுறைக் கோப்பு நிற்க வாய்ப்புண்டு. கிளம்பாத இயந்திரத்தில் முதலில் அந்தக் கோப்புறையை அழித்துப் பாருங்கள். இடத்தை மாற்ற 'ஜாவாஎஃப்எக்ஸ்.கேஷ்டிர்' என்ற பண்பு உண்டு.

நேட்டிவ் கோப்பைப் பயனர் இயந்திரத்தில் ஓடும்போது பிரிப்பதைவிட, நாம் கட்டும்போதே பிரித்து, நிறுவும் கோப்புறையில் உரிய இடத்தில் வைத்துவிடுவது நூறு மடங்கு மேல். நிறுவிய கோப்புறையை வைரஸ் தடுப்பி அவ்வளவு சந்தேகிக்காது, நோஎக்செக் பிரச்சினை இல்லை, குப்பையும் சேராது.

சிப்புட்_கணினி

விண்டோஸுக்குக் கட்டும் வரிசையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா அண்ணே? ஸ்டோர் கணினியைப் பார்த்தேன்: விண்டோஸ் 64-பிட்தான், ஜாவா மட்டும் 32-பிட்.

பால்மரக்காடு

நல்லது, அப்படியென்றால் ஸ்டோருக்குத் தனியாக எதுவும் வேண்டாம். பொதிக்குள் 64-பிட் ரன்டைம் இருக்கும், அங்கே உள்ள ஜாவாவை யாரும் தொட மாட்டார்கள். ஒருவேளை விண்டோஸே 32-பிட்டாக இருந்திருந்தால் கதை வேறு. ஜேடிகே 21இல் 32-பிட் விண்டோஸ் கைவிடப்படும் என்று அறிவித்து, ஜேடிகே 24இல் நீக்கியே விட்டார்கள். அந்த இயந்திரத்துக்காக ஜேடிகே 17இன் 32-பிட் பதிப்போடு தனிக் கிளை ஒன்றைப் பராமரிக்க வேண்டி வந்திருக்கும்.

ஜேடிகே 21, ஜாவாஎஃப்எக்ஸ் 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இது:

1. ஜாவாஎஃப்எக்ஸின் விண்டோஸ் ஜேமாட்ஸ் தொகுப்பைத் தனியாக இறக்குங்கள். மேவன் ஜாரும் ஜேமாடும் வேறு வேறு. ஜேமாட் வழியாக ஜேலிங்க் (தேவையான மாட்யூல்களை மட்டும் சேர்த்து ரன்டைம் கட்டும் கருவி) செய்தால் கிளாஸ், பிரிஸம் டிஎல்எல்கள் ரன்டைமின் 'பின்' கோப்புறைக்கே போய்விடும். கேஷ் கோப்புறை தேவையே இல்லை.

2. 'ஜேடெப்ஸ் --இக்னோர்-மிஸ்ஸிங்-டெப்ஸ் --பிரிண்ட்-மாட்யூல்-டெப்ஸ்' ஓட்டி எந்த மாட்யூல்கள் தேவை என்று எடுங்கள். ஜாவா.எஸ்கியூஎல் கட்டாயம் வரும். ஜேடெப்ஸுக்குக் கண்ணில் படாத ஒன்று 'ஜேடிகே.லொகேல்டேட்டா'. அது இல்லையென்றால் தேதியும் மாதப் பெயரும் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். டிக்கெட்டில் மலாய் மாதப் பெயர் வராது. அதைச் சேர்த்து '--இன்க்ளூட்-லொகேல்ஸ்' என்பதில் ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றின் குறியீட்டை மட்டும் கொடுத்தால் அளவும் கட்டுக்குள் இருக்கும்.

3. ஜேலிங்க் கொண்டு ஜேடிகே மாட்யூல்களும் ஜாவாஎஃப்எக்ஸ் மாட்யூல்களும் மட்டும் உள்ள ரன்டைமைக் கட்டுங்கள். மற்ற நூலகங்களை இதில் இழுக்க வேண்டாம். 'மாட்யூல்-இன்ஃபோ' இல்லாத ஜாரை ஜேலிங்க் ஏற்காது, 'ஆட்டோமேட்டிக் மாட்யூல் கேனாட் பி யூஸ்டு' என்று நின்றுவிடும். அவை சாதாரண கிளாஸ்பாத்தில் இருக்கட்டும்.

4. எஸ்கியூலைட் ஜாரைப் பிரித்து, 'நேட்டிவ்/விண்டோஸ்/எக்ஸ்86_64' கோப்புறையில் உள்ள டிஎல்எல்லை எடுத்து ஜார்கள் இருக்கும் உள்ளீட்டுக் கோப்புறையில் வையுங்கள். பிறகு ஜாருக்குள் இருக்கும் நேட்டிவ் கோப்புறையை முழுவதும் நீக்கிவிடுங்கள். இந்த நீக்கல் மிக முக்கியம். 'ஓஆர்ஜி.எஸ்கியூலைட்.லிப்.பாத்' தவறாக இருந்தால் அந்த நூலகம் முனகாமல் ஜாருக்குள் உள்ளதைப் பிரித்து டெம்ப்பில் போட்டு ஓடிவிடும். நீங்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், டெம்ப் பூட்டிய முதல் இயந்திரத்தில் அகப்படும். நீக்கிவிட்டால் தவறு உங்கள் மேசையிலேயே தெரியும்.

5. ஜேபேக்கேஜ் (செயலியையும் ரன்டைமையும் சேர்த்துப் பொதி கட்டும் கருவி). முதலில் '--டைப் ஆப்-இமேஜ்' மட்டும் கட்டி, அந்தக் கோப்புறையை அப்படியே வேறு இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். நிறுவி எல்லாம் அதற்குப் பிறகு. '--ரன்டைம்-இமேஜ்' என்பதில் மூன்றாம் படியில் கட்டியதைக் கொடுங்கள். '--ஜாவா-ஆப்ஷன்ஸ்' வழியாக எஸ்கியூலைட் பாதைக்கு '$ஆப்டிர்' என்று எழுதுங்கள். நிறுவிய இடம் எதுவானாலும் அது சரியாக விரியும். ஷெல்லில் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதாவிட்டால் ஷெல்லே அதை விழுங்கிவிடும்.

6. எம்எஸ்ஐ (விண்டோஸ் நிறுவி) கட்ட விக்ஸ் டூல்செட் வேண்டும். ஜேடிகே 21க்கு அதன் 3ஆம் வரிசையைப் போடுங்கள். 4, 5 வரிசைகளை அதனால் பயன்படுத்த முடியாது. '--வின்-அப்கிரேட்-யுயுஐடி' என்பதில் ஒரே எண்ணை என்றைக்கும் மாற்றாமல் கொடுங்கள். மாறினால் புதிய பதிப்பு பழையதன் மேல் ஏறாமல் பக்கத்தில் இன்னொன்றாக உட்காரும். கிராணிக்கு அட்மின் கடவுச்சொல் இல்லையென்றால் '--வின்-பெர்-யூசர்-இன்ஸ்டால்'.

ஜேபேக்கேஜ் ஜேடிகே 14இல் சோதனையாக வந்து 16இல் நிலையானது. எந்தத் தளத்துக்கு வேண்டுமோ அந்தத் தளத்தில்தான் அதை ஓட்ட முடியும். ஜேலிங்க் மட்டும், மற்ற தளத்து ஜேமாட்ஸ் கோப்புறையைக் காட்டினால், அந்தத் தளத்துக்கான ரன்டைமை இங்கிருந்தே கட்டும். இரண்டு பக்கமும் ஜேடிகே பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஜேடிகே 24 முதல் சில விநியோகங்களில் ஜேமாட்ஸ் கோப்புறையே இருப்பதில்லை, அதையும் கவனியுங்கள்.

கிந்தா_ஜாவா

இண்டிகேட்டர் டிஎல்எல் பற்றி யாரும் சொல்லவில்லை. 64-பிட் ஜேவிஎம்முக்குள் 32-பிட் டிஎல்எல் ஒருநாளும் ஏறாது. ஜேஎன்ஏ, புதிய ஃபாரின் ஃபங்ஷன் ஏபிஐ எதைப் பிடித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் இது ப்ராசஸின் எல்லை. வழி இரண்டு.

ஒன்று, அந்த டிஎல்எல்லைத் தூக்கிப் போடுவது. பெரும்பாலான எடை இண்டிகேட்டர்கள் ஆர்எஸ்-232 வழியாக வெறும் ஆஸ்கி வரியைத் தொடர்ந்து அனுப்புகின்றன. வரியின் தொடக்கத்தில் நிலைக்குறி, பிறகு மொத்தமா நிகரமா என்ற குறி, கூட்டல் அல்லது கழித்தல் அடையாளம், இலக்கங்கள், அலகு, முடிவில் சிஆர் எல்எஃப். பல மாதிரிகளில் 'எஸ்டி' என்றால் எடை நிலைத்துவிட்டது, 'யுஎஸ்' என்றால் இன்னும் ஆடுகிறது. இண்டிகேட்டரின் கையேட்டில் போட் வேகம், டேட்டா பிட், பேரிட்டி, வரியின் அமைப்பு எல்லாம் இருக்கும். ஜேசீரியல்காம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வரி முடிவு வரும்வரை பைட்டுகளைச் சேர்த்து, நிலைத்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசிப்பில் முழு வரியும் வரும் என்று மட்டும் நம்பாதீர்கள், பாதி வரி இப்போதும் மீதி அடுத்த வாசிப்பிலும் வரும். இப்படிச் செய்தால் பையிலும் மேக்கிலும் அதே நிரல் ஓடும்.

இரண்டாவது, டிஎல்எல் இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதை ஏற்றும் சிறு 32-பிட் துணை நிரல் ஒன்றைத் தனி ப்ராசஸாக ஓட்டி, அதன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலிருந்து எடையை வரி வரியாக வாசிப்பது. விண்டோஸில் மட்டுமே நடக்கும்.

முதல் வழியைப் பிடியுங்கள். இல்லாத நேட்டிவ் கோப்பைப் பராமரிக்க வேண்டியதே இல்லை.

சிப்புட்_கணினி

கையேட்டில் பார்த்தேன் அக்கா, 9600, 8 பிட், பேரிட்டி இல்லை, தொடர் வெளியீடு உண்டு. டிஎல்எல்லை எடுத்துவிடுகிறேன். பைக்கு என்ன செய்வது? 'யுநேம் -எம்' ஏஆர்ச்64 என்கிறது, ஆனால் லினக்ஸ்-ஏஆர்ச்64 ஜாவாவைப் போட்டால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருகிறது. கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

பால்மரக்காடு

பை 4இல் 32-பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டிருந்தாலும் கெர்னல் 64-பிட்டாகக் கிளம்பும். 'யுநேம்' கெர்னலைத்தான் சொல்கிறது. 'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்கிடெக்சர்' என்று கேளுங்கள். 'ஆர்ம்ஹெச்எஃப்' என்று வந்தால் மேலே உள்ளதெல்லாம் 32-பிட். 'கோப்பு இல்லை' என்பது ஜாவாவைப் பற்றியதில்லை, அந்த ஜாவா தேடும் 64-பிட் டைனமிக் லோடர் இல்லை என்று பொருள். எஸ்டி கார்டில் 64-பிட் ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதுங்கள். 32-பிட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம்:

லைட் பதிப்பைப் போட்டால் ஜிடிகே 3 இருக்காது, ஜாவாஎஃப்எக்ஸ் திரை வராது. டெப் பொதி கட்டும்போது '--லினக்ஸ்-பேக்கேஜ்-டெப்ஸ்' என்பதில் 'லிப்ஜிடிகே-3-0' என்று எழுதுங்கள். ஜேபேக்கேஜ் பொதிக்குள் கிடக்கும் எஸ்ஓ கோப்புகளின் தேவைகளைத் தானே பார்த்துச் சேர்க்கும், ஆனால் ஜாருக்குள் ஒளிந்திருப்பது அதற்குத் தெரியாது. வெளியே பிரித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீரியல் போர்ட்டைத் திறக்க, செயலியை ஓட்டும் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்தால்தான் நடப்புக்கு வரும். யுஎஸ்பி மாற்றி என்றால் 'டிடிஒய்யுஎஸ்பி0' என்ற பெயரை நம்பாதீர்கள், பிரிண்டர் கேபிள் முதலில் ஏறினால் எண் மாறிவிடும். '/டெவ்/சீரியல்/பை-ஐடி' கோப்புறையில் மாறாத பெயர் இருக்கும்.

ஈப்போ_மேக்

மேனேஜரின் எம்1 பற்றி. மேக்கில் டைலிப் ஏற்றுவது மற்ற இரண்டையும்விடக் கண்டிப்பானது.

ஆப்பிள் சிலிக்கானில் ஓடும் எந்த ஆர்ம் நேட்டிவ் நிரலுக்கும் குறைந்தபட்சம் ஆட்-ஹாக் கையொப்பமாவது வேண்டும். வெளியே விநியோகிப்பதென்றால் டெவலப்பர் ஐடி கையொப்பமும் நோட்டரைசேஷனும் (ஆப்பிள் சரிபார்த்துத் தரும் ஒப்புதல்). நோட்டரைசேஷன் ஜாரையும் திறந்து உள்ளே பார்க்கும். ஜாருக்குள் கையொப்பமில்லாத ஒரு டைலிப் இருந்தாலும் நிராகரிப்பு வரும். '--மேக்-சைன்' கொடுத்தால் ஜேபேக்கேஜ் வெளியே உள்ளவற்றுக்குக் கையொப்பமிடும், ஜாருக்குள் கை வைக்காது. ஆகவே இங்கேயும் அதே வழி: டைலிப்பை வெளியே எடுங்கள், ஜாருக்குள் உள்ளதை நீக்குங்கள். ஜேசீரியல்காம் ஜாரையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு 'ஜேசீரியல்காம்.லைப்ரரி.பாத்' என்ற பண்பு இருக்கிறது.

சமர்ப்பிக்க 'நோட்டரிடூல்', பழைய ஏஎல்டூல் வழி 2023 நவம்பரோடு மூடப்பட்டுவிட்டது. ஒப்புதல் வந்ததும் 'ஸ்டேப்ளர்' ஓட்டிச் சீட்டைச் செயலியோடு ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் முதல் முறை திறக்கும்போது மேக் இணையத்தில் சரிபார்க்கப் போகும், எஸ்டேட் பங்களாவில் அந்த நேரம் லைன் இல்லையென்றால் திறக்காது.

சிறு விஷயம்: மேக் பொதியின் பதிப்பு எண் பூஜ்ஜியத்தில் தொடங்கக்கூடாது. 0.9 என்று வைத்தால் ஜேபேக்கேஜ் மறுத்துவிடும்.

டைலிப் எந்த வகை என்று பார்க்க 'லிப்போ -ஆர்ச்ஸ்', அது எதையெல்லாம் தேடுகிறது என்று பார்க்க 'ஓடூல் -எல்'.

தோட்டத்து_நிரலர்

மூன்று தளத்துக்கும் மூன்று இயந்திரத்தை யார் வைத்திருப்பது? கிட்ஹப் ஆக்ஷன்ஸா?

கிந்தா_ஜாவா

ஆமாம். மேட்ரிக்ஸில் மூன்று வரிசை: விண்டோஸ், உபுண்டு ஆர்ம், ஆர்ம் மேக். 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். லேட்டஸ்ட் ஒருநாள் நகரும், நேற்று கட்டியது இன்று கட்டாது. பைக்கான பொதியைப் பையிலேயே கட்டினாலும் தவறில்லை, மெதுவாக இருக்கும், அவ்வளவே.

கட்டி முடித்ததும் சோதிக்காமல் பொதியை வெளியே விடாதீர்கள். செயலிக்கு '--சுயசோதனை' என்று ஒரு வாதம் வையுங்கள். அது செய்ய வேண்டியது: ஓஎஸ்.ஆர்ச்சையும் ஜாவா பதிப்பையும் அச்சிடு. எஸ்கியூலைட்டை நினைவகத்தில் திறந்து அதன் பதிப்பைக் கேள். சீரியல் போர்ட் பட்டியலை எடு, பட்டியல் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, நூலகம் ஏறினால் போதும். ஜாவாஎஃப்எக்ஸ் டூல்கிட்டைத் தொடங்கி மூடு. எல்லாம் சரியென்றால் 0, இல்லையென்றால் 1 என்று வெளியேறு. இதை மேவன் டெஸ்டில் ஓட்டிப் பயனில்லை, கட்டி முடித்த ஆப்-இமேஜிலிருந்து ஓட்டுங்கள். லினக்ஸ் ரன்னரில் திரை இல்லாததால் 'எக்ஸ்விஎஃப்பி-ரன்' முன்னால் போட வேண்டும். அதே வாதம் களத்திலும் உதவும். கிராணி போனில் அழைத்தால், அதை ஓட்டி வெளியீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.

பால்மரக்காடு

பிழைச் செய்தி படிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விண்டோஸில் 'கேன்ட் ஃபைண்ட் டிபெண்டென்ட் லைப்ரரீஸ்' என்று ஒரு டிஎல்எல்லின் பெயரோடு வந்தால், காணாமல் போனது பெயர் சொல்லப்பட்ட அந்த டிஎல்எல் இல்லை, அது சார்ந்திருக்கும் வேறொன்று. பெரும்பாலும் விசி ரன்டைம். 'டம்ப்பின் /டிபெண்டென்ட்ஸ்' காட்டிக்கொடுக்கும். லினக்ஸில் 'எல்டிடி'யின் வெளியீட்டில் 'நாட் ஃபவுண்ட்' வரியைத் தேடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் 'எல்டி_டீபக்=லிப்ஸ்' என்று வைத்துச் செயலியைக் கிளப்புங்கள், லோடர் எந்தெந்தக் கோப்புறையில் தேடியது என்று வரிசையாகக் கொட்டும்.

நீங்களே சி நிரல் எழுதி எஸ்ஓ கட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) கணக்கைப் பாருங்கள். உபுண்டு 22.04இல் ஜிலிப்சி 2.35, டெபியன் 11இல் 2.31. புதியதில் கட்டியது பழையதில் 'ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். டிஎல்எல்லை எடுத்துவிட்ட பிறகு உங்களுக்கு இந்த வேலையே இல்லை.

சிப்புட்_கணினி

விண்டோஸ் ஆப்-இமேஜ் ஸ்டோர் கணினியில் ஓடுகிறது. பைக்கு 64-பிட் ஓஎஸ் எழுதி டெப் போட்டாயிற்று, இண்டிகேட்டர் எடை வருகிறது. கடைசியாக ஒன்று: சோதனைக்கு ஜேடிகே 24 வைத்துக் கட்டினால் 'ரெஸ்ட்ரிக்டட் மெத்தட்' என்று நான்கு வரி எச்சரிக்கை வருகிறது. கவலைப்பட வேண்டுமா?

கிந்தா_ஜாவா

இப்போதைக்கு எச்சரிக்கைதான், செயலி ஓடும். ஜேடிகே 24 முதல், யார் நேட்டிவ் கோப்பை ஏற்றலாம் என்று நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். வருங்காலப் பதிப்பில் சொல்லாவிட்டால் பிழையாகிவிடும். எஸ்கியூலைட்டும் ஜேசீரியல்காமும் கிளாஸ்பாத்தில் இருப்பதால், ஜேபேக்கேஜின் '--ஜாவா-ஆப்ஷன்ஸ்' வரியில் '--எனேபிள்-நேட்டிவ்-ஆக்சஸ்=ஆல்-அன்நேம்டு' சேர்த்துவிடுங்கள். ஜாவாஎஃப்எக்ஸ் மாட்யூலாக ரன்டைமுக்குள் இருப்பதால் 'ஆல்-அன்நேம்டு' அதைத் தொடாது. காற்புள்ளி போட்டு 'ஜாவாஎஃப்எக்ஸ்.கிராஃபிக்ஸ்' என்றும் எழுத வேண்டும். நேரடியாக 'ஜாவா -ஜார்' என்று ஓட்டுபவர்களுக்கு மேனிஃபெஸ்டில் 'எனேபிள்-நேட்டிவ்-ஆக்சஸ்' வரி இருக்கிறது, அது 'ஆல்-அன்நேம்டு' என்ற ஒரே மதிப்பைத்தான் ஏற்கும். ஜேடிகே 21இலும் இந்த ஆப்ஷன் தெரியும், இப்போதே சேர்த்து வைப்பதால் எதுவும் உடையாது.